பண்டிகைக் காலங்களும் சபைப் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டிகை வேலைக்குப் பெயர் கொடுக்கத் தயங்குபவர்களும், பல ஆண்டுகளாக அதைத் தோளில் சுமந்து வருபவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவருக்கும் பயன்படும்படி பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். ஒன்றில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பண்டிகைக்காக உழைக்கிறவர் அந்தப் பண்டிகையை ஆசரிக்கவும் வேண்டும். அந்தக் கருத்து பல பதில்களில் தலைகாட்டும்.

திருச்சபை ஆண்டு எப்போது தொடங்குகிறது? எந்தப் பண்டிகை வேலையை எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

மேற்கத்திய மரபைப் பின்பற்றும் சபைகளில் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அட்வெந்து, அதாவது திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறுதான் ஆண்டின் தொடக்கம். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அது வரும். 2026-இல் நவம்பர் 29. பிறகு டிசம்பர் 25, ஜனவரி 6-இல் கிறிஸ்து உலகுக்கு வெளிப்பட்டதை நினைவுகூரும் பிரசன்னத் திருநாள், சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், புனித வெள்ளி, ஈஸ்டர் என்கிற உயிர்த்தெழுந்த ஞாயிறு, அதன் ஐம்பதாம் நாளில் பரிசுத்த ஆவி இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே. அதற்குப் பிறகு மறுபடி அட்வெந்து வரும்வரை நீளமான சாதாரணக் காலம்.

பீடத்து விரிப்பின் நிறமும் இதையொட்டி மாறும். காத்திருப்புக்கும் மனந்திரும்புதலுக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, சாதாரணக் காலத்துக்குப் பச்சை. பீடப் பணி செய்பவர்கள் முதலில் கற்கிற பாடம் இதுதான். இந்த நாட்காட்டியைக் கைக்கொள்ளாத சபைகளும் உண்டு; அங்கேயும் கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர் பெரும்பாலும் இருக்கும்.

வேலையைப் பொறுத்தவரை, பெரிய பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவது நல்லது. பாடகர் குழுவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் காலம் வேண்டும். அட்வெந்தின் நான்கு வாரங்களையும் ஓட்டமும் பரபரப்புமாகக் கழித்துவிட்டால், அது காத்திருப்பின் காலம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

வசந்த காலச் சமநாளாகக் கொள்ளப்படும் மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இதற்கு வானத்து நிலவைப் பார்ப்பதில்லை, சபையின் கணக்குப்படி வரும் முழுநிலவையே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் அது அமையலாம். எல்லாச் சபைகளும் ஒரே நாளில் ஈஸ்டரை ஆசரிக்க வேண்டும் என்று கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் முடிவெடுத்தது. ஆனால் பிற்காலத்தில் நாட்காட்டிகள் வேறுபட்டதால், ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலான ஆண்டுகளில் வேறு ஞாயிறில் ஆசரிக்கின்றன. 2025-இல் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 ஒன்றாகவே அமைந்தது. 2026-இல் மேற்கே ஏப்ரல் 5, கிழக்கே ஏப்ரல் 12.

பொறுப்பாளருக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28-இலேயே வந்துவிடுகிறது. சாம்பல் புதன் பிப்ரவரி 10. கிறிஸ்துமஸ் களைப்பு தீர்வதற்குள் லெந்து வாசலில் நிற்கும். அப்படிப்பட்ட ஆண்டில் இரண்டு பண்டிகைக்கும் ஒரே ஆட்களைப் போடாதீர்கள்.

சபைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வேத அறிவும் அதிகமில்லை. நான் உதவலாமா?

தாராளமாக. நாற்காலி அடுக்குவதற்கும், வாசலில் நின்று வரவேற்பதற்கும், பாட்டுத் தாள் விநியோகிப்பதற்கும் யாரும் தேர்வு வைப்பதில்லை. புதியவர் வாசலில் நிற்பது சபைக்கே நல்லது என்பேன். முதல்முறை உள்ளே நுழைகிறவருக்கு என்னவெல்லாம் புரியாது, எங்கே உட்காருவதென்று எப்படித் தடுமாறுவார் என்பது அவருக்குத்தானே இன்னும் நினைவிருக்கும்?

போதிப்பது, பிள்ளைகளைக் கவனிப்பது, பணத்தைக் கையாள்வது ஆகிய மூன்றுக்கு மட்டும் சபை சற்று காலம் எடுத்துக்கொள்ளும். அதை அவநம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். யாராக இருந்தாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

பண்டிகை நாளில் வேலை செய்தே ஆராதனை முடிந்துவிடுகிறது. ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. இது சரியா?

சரியில்லை. இதை நீங்கள் பொறுத்துப்போக வேண்டிய ஒன்றாக நான் நினைக்கவில்லை. திட்டமிடும்போதே திருத்த வேண்டிய விஷயம் இது.

ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர், வாகனங்களை நிறுத்த உதவுபவர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், விருந்துக்கூடத்தில் நிற்பவர் ஆகிய நால்வரும்தான் ஆண்டுதோறும் பிரசங்கத்தைக் கேட்காமல் வீடு திரும்புகிறார்கள். மார்த்தாள், மரியாள் சம்பவத்தைச் சொல்லி இவர்களைக் கடிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். லூக்கா 10-ஐப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள்: சகோதரி மரியாள் தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டாள் என்பதுதான் மார்த்தாளின் முறையீடு. தம் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாளின் பங்கு நல்லது என்று ஆண்டவர் சொன்னது உண்மைதான். அந்தப் பங்கு மார்த்தாளுக்கும் கிடைக்க வழிசெய்வது சபையின் கடமை.

வழிகள் பல இருக்கின்றன. பண்டிகை நாளில் இரண்டு ஆராதனைகள் இருந்தால், ஒன்றில் பணி, மற்றொன்றில் சும்மா வந்து உட்காருவது என்று எழுதியே வைத்துவிடுங்கள். ஒரே ஆராதனை என்றால் பாதியில் ஆள் மாற்றுங்கள். பிரசங்கத்துக்கு முன் ஒருவர், பின் ஒருவர். திருவிருந்து அல்லது நற்கருணை நேரத்தில் எந்தப் பணியாளரும் விடுபடாதபடி, கடைசியில் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவரை நியமியுங்கள். அதுவும் முடியாத இடத்தில், பண்டிகைக்கு முந்தின மாலையோ மறுநாளோ பணியாளர்களுக்கென்றே அரை மணி நேர ஜெபக்கூடுகை வையுங்கள். அதற்குப் போதகரே வர வேண்டும், வேறொருவரை அனுப்பக் கூடாது.

போதகருக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அவர் நடத்துகிற ஆராதனைகளை எண்ணிப் பாருங்கள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அவருக்கு ஓய்வு கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதும் ஒரு சபைப் பணிதான்.

எப்போதும் அதே நாலைந்து பேர்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். மற்றவர்களை எப்படிக் கொண்டுவருவது?

யாத்திராகமம் 18-இல் மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து மக்களுடைய வழக்குகளைக் கேட்கிறார். மாமனார் எத்திரோ அதைப் பார்த்துவிட்டு, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் மக்களும் தொய்ந்துபோவீர்கள் என்று எச்சரிக்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பொறுப்பைப் பிரிக்கச் சொல்கிறார். மோசே அதைக் கேட்டுக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மேடையிலிருந்து பொதுவாக அழைப்பு விடுத்தால் பெரும்பாலும் அதே நாலு பேர்தான் கை தூக்குவார்கள். நேரில் போய்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போது வேலை என்ன, எத்தனை மணி நேரம், எந்தத் தேதியோடு முடியும், யார் துணைக்கு இருப்பார் என்று நான்கையும் சொல்லிவிடுங்கள். "கொஞ்சம் உதவுங்களேன்" என்று கேட்டால் யாருக்கும் பயம்தான் வரும், அதற்கு எல்லை எங்கே என்று தெரியாதே! "பெந்தெகொஸ்தே ஞாயிறு மட்டும், காலை ஒன்பது முதல் பதினொன்றுவரை, வாசல் பணி" என்றால் சரி என்றோ முடியாது என்றோ தயங்காமல் சொல்வார்கள்.

இன்னொன்று: பழையவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். புதியவர் பூவை வேறு விதமாக அடுக்கினால், அப்படியே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் தேவையுள்ள குடும்பங்களுக்கு உதவ விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இது சபைக்குப் புதிய வேலை இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற மறைசாட்சி ஞாயிறு ஆராதனையை விவரித்து எழுதியிருக்கிறார். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுத்ததைச் சபைத் தலைவர் வாங்கி வைத்து, அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோரை அதைக்கொண்டு பராமரித்தார். வர முடியாதவர்களுக்கு அப்பத்தை உதவிக்காரர்கள் கொண்டுபோனார்கள். அவர் விவரிப்பது பண்டிகையை அல்ல, வாரந்தோறும் நடந்த ஆராதனையை.

அதற்கும் முன்னே, அப்போஸ்தலர் நடபடிகள் 6-இல், எருசலேம் சபையில் தினசரிப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அந்தப் புகாரைத் தட்டிக்கழிக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான் முதலான எழுவருக்கும் இருந்தவை கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழி தெரிந்தவர்கள் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது. உதவிப் பட்டியல் தயாரிக்கிற குழுவில், ஒரு காலத்தில் உதவி பெற்றவர் ஒருவராவது இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கொடுக்கும் முறை மிக முக்கியம். மேடையில் வரிசையாக நிறுத்திக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவரின் முகம் தெரியும்படி புகைப்படம் எடுக்காதீர்கள். முடிந்தவரை வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். போனால் அவசரப்படாமல் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கான பரிசுகளைப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள், தங்கள் பிள்ளைக்குத் தாங்களே கொடுக்கிற சந்தோஷம் அவர்களுக்குப் போகட்டும். எது தேவை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டிசம்பரில் நான்கு இடங்களிலிருந்து ஒரே மாதிரிப் பொட்டலம் வந்து சேர்கிற வீட்டில் பிப்ரவரியில் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் இருக்கலாம். திரட்டியதில் ஒரு பகுதியைச் சாதாரணக் காலத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பண்டிகைக் காலம் சிலருக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறதே?

ஆம். அந்த ஆண்டு ஒருவரை இழந்த வீட்டுக்கு முதல் கிறிஸ்துமஸ் மிகக் கடினம். அப்படிப்பட்ட வீடுகளின் பட்டியலை அட்வெந்து தொடங்கும் முன்பே எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் சென்று வாருங்கள். பாட்டுக் குழு வாசலுக்கு வரலாமா, வேண்டாமா என்று முன்னதாகக் கேளுங்கள். டிசம்பர் நடுவில் விளக்கொளியைக் குறைத்து, ஆரவாரப் பாடல்கள் இல்லாமல், பெயர்களை வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றும் அமைதியான ஆராதனை ஒன்றைப் பல சபைகள் நடத்துகின்றன. ஆட்கள் அதிகம் தேவைப்படாத பணி அது. வருபவர்களுக்கோ அது பெரிய ஆறுதல்.

குடிலும் அட்வெந்து வளையமும் வெறும் அலங்காரமா?

1223-இல் கிரெச்சியோ என்ற இத்தாலியச் சிற்றூரில் அசிசியின் பிரான்சிஸ் தீவனத்தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை எல்லாம் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கண்முன் நிறுத்தினார். எளிய மக்கள் அந்த ஏழ்மையைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். அட்வெந்து வளையத்தை 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். வறுமையில் தத்தளித்த சிறுவர்களுக்காக அவர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அவர்கள் ஓயாமல் கேட்கவே, ஒரு சக்கரத்தில் வாரநாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளும் நான்கு ஞாயிறுகளுக்குப் பெரியவையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்.

இரண்டுமே ஏழைகளை மனத்தில் வைத்துப் பிறந்தவை. அவற்றை அமைக்கிற குழு பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றையும் சொல்லட்டும். அலங்காரச் செலவுக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். இஸ்ரவேலரின் வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டியபோது மக்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்து குவித்ததால், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே கட்டளையிட்டார் என்று யாத்திராகமம் 36 சொல்கிறது. போதும் என்று சொல்லத் தெரிந்த சபையைப் பார்த்தால் எனக்கு மதிப்பு கூடும்.

பிள்ளைகளையும் முதியவர்களையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் பயணம் போன எகேரியா என்ற பெண், அங்கே கண்ட குருத்தோலைப் பவனியை எழுதிவைத்திருக்கிறார். நடக்க முடியாத குழந்தைகளைப் பெற்றோர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவர்கள் கையிலும் கிளைகள் இருந்தன. கூட்டம் களைத்துவிடக் கூடாது என்று மெதுவாகவே நடந்தார்கள். எந்தப் பவனிக்கும் இந்த வேகமே பொருத்தம். வழியில் உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் இருக்கட்டும்.

நாடகத்தில் பேச வராத பிள்ளைக்கு நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடிக்கிற பங்கைக் கொடுங்கள், ஆனால் ஒத்திகைக்கு எல்லாரையும்போல் வரச் சொல்லுங்கள். முதியவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கிற பணி, ஜெபக் குறிப்புகளை வைத்து ஜெபிக்கிற பணி, வாழ்த்து மடல் எழுதுகிற பணி எல்லாம் தரலாம். அவர்கள் மறக்காமல் செய்வார்கள்.

பாதுகாப்பில் மட்டும் சலுகையே வேண்டாம். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். யாரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஒத்திகை முடிந்ததும் அழைத்துப் போக வருபவர் யார் என்று பதிவு இருக்க வேண்டும். "நம் சபைதானே" என்று தளர்த்துவதில்தான் ஆபத்து. மெழுகுவர்த்தி ஆராதனையில் தண்ணீர் வாளியும் தீயணைப்புக் கருவியும் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு வாசல் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

லெந்து காலத்தில் கொண்டாட்டமே இல்லையே, அப்போது என்ன பணி?

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை 46 நாள்கள். ஞாயிறுகள் ஆறையும் கழித்தால் நாற்பது. இந்தக் காலத்தில் கைவேலை குறைவு, சந்திப்புப் பணி அதிகம். மருத்துவமனை, முதியோர் இல்லம், நீண்ட நாளாக ஆராதனைக்கு வராதவர்கள் என்று வாரம் ஒரு வீடாகப் போகலாம். உபவாசத்தில் மிச்சமான பணத்தை எளியவர்களுக்குக் கொடுப்பது பழைய வழக்கம்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13-ஐ வாசித்துப் பாதம் கழுவுகிற ஆராதனை பல சபைகளில் உண்டு. அதற்குப் பாத்திரம், துண்டு, வெதுவெதுப்பான நீர் எடுத்துவைக்கிற சிறிய வேலையைச் செய்கிறவர்கள் பாக்கியவான்கள். கழுவப்படுகிறவர்களில் துப்புரவுப் பணியாளரும் இருக்கட்டும்.

காணிக்கையை எண்ணும் பணிக்கு என்னை அழைக்கிறார்கள். எப்படிச் செய்ய வேண்டும்?

ஒருபோதும் தனியாக எண்ணாதீர்கள். உறவினர் அல்லாத இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, அன்றே ஒப்படைக்க வேண்டும். எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுபோக அப்போஸ்தலர் பவுல் தம் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பியதற்கு, யாரும் தங்களைக் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்பதே காரணம் என்று 2 கொரிந்தியர் 8-இல் எழுதியிருக்கிறார். பண்டிகைக் கணக்கை ஒரு மாதத்துக்குள் சபைக்கு வாசித்துவிடுங்கள்.

பணியாளர்களுக்குள் மனக்கசப்பு வந்தால்?

பண்டிகைக்கு முந்தின வாரத்தில் வரும். தூக்கம் குறைந்திருக்கும், எல்லாருக்கும் பதற்றம். அந்த வாரத்தில் பெரிய விவாதம் எதையும் எடுக்காமல், அன்றைக்குத் தேவையான முடிவை மட்டும் பொறுப்பாளர் எடுக்கட்டும். பண்டிகை முடிந்த பிறகு இருவரையும் நேரில் உட்கார வைத்துப் பேசுங்கள். குழுச் செய்திகளில் பதிலுக்குப் பதில் எழுதுவதை நிறுத்தினாலே பாதிக் கசப்பு குறையும்.

எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? கர்த்தருக்குத்தானே செய்கிறோம்?

கர்த்தருக்குத்தான் செய்கிறோம். ஆனாலும் பவுல் ரோமர் 16-ஆம் அதிகாரம் முழுக்கப் பெயர் பெயராக வாழ்த்துகிறார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளில் தொடங்குகிறது அந்தப் பட்டியல். நன்றியைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "மழையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் குடை பிடித்து உள்ளே அழைத்து வந்தீர்கள்" என்பதுபோல. மேடைக்கு வர விரும்பாதவரை மேடைக்கு இழுக்காதீர்கள். ஒரு கடிதம் போதும்.

களைத்துவிட்டேன். ஓராண்டு விலகியிருக்கலாமா?

விலகியிருங்கள், குற்றவுணர்வு வேண்டாம். ஓராண்டு சும்மா வந்து உட்கார்ந்து பாடிவிட்டுப் போவதும் சபைக்கு நீங்கள் தருகிற சாட்சிதான். பண்டிகைக்கு முந்தின வாரம் சொல்லாமல் மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டால் அடுத்தவருக்கு எளிது. பொறுப்பாளர்களே முன்வந்து, மூன்றாண்டுக்கு மேல் ஒரே பொறுப்பில் யாரும் இருக்க வேண்டாம் என்று விதி வைத்துவிட்டால், விலகுவது யாருக்கும் பெரிய அறிவிப்பாக இருக்காது.

பண்டிகை முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரத்துக்குள் ஒரு மணி நேரம் கூடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பொருள் மிஞ்சியது, எது போதவில்லை, யார் ஆராதனையில் உட்கார முடியாமல் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மின்விளக்குச் சரங்களைச் சிக்கெடுத்து, வேலை செய்யாதவற்றைத் தனியே பிரித்து, பெட்டியின் மேல் பெயர் ஒட்டி வையுங்கள். சாவி யாரிடம், வாடகைக்கு எடுத்தது எங்கே, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கட்டும். அடுத்த ஆண்டின் பொறுப்பாளரை அதே கூட்டத்தில் முடிவுசெய்து, நோட்டை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.